பிள்ளைகளுக்கு ஒரு முற்றம் வேண்டும்

கிளித்தட்டு விளையாடிய பெண்கள் எங்களில் எத்தனை பேர்? இந்தக் கேள்வியைத் தாய்மார் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்பதுண்டு. முதலில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பிறகு ஒருவர் மெதுவாகக் கை உயர்த்துவார். அதன்பின் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். எட்டுக்கோடு கெந்தியது, கொக்கான் வெட்டியது, சிரட்டையில் மண்சோறு ஆக்கிப் பூவரசம் இலையில் பரிமாறியது, நுங்குக் கோம்பையில் தடி செருகி வண்டில் ஓட்டியது, சித்திரை வருடப்பிறப்புக்கு வேப்பமரத்தில் கட்டிய ஊஞ்சல் என்று கதை நீளும்.

நான் வடமராட்சி மணலில் வளர்ந்தவள். எங்கள் வீட்டு முற்றத்தில் கிளித்தட்டு மறிப்பதற்கு எவரும் எங்களுக்கு ஒரு சதமும் செலவழித்ததில்லை. குதிக்காலை மணலில் இழுத்துக் கோடு போடுவோம். நடுவே ஒரு நீண்ட கோடு. அதை வெட்டிக் குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவர் மறித்து நிற்பார். கிளிக்கு மட்டும் எல்லாக் கோட்டிலும் ஓடலாம். மற்றக் கட்சியினர் அடிபடாமல் மறு கரைக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஆட்கள் கூடினால் இன்னுமொரு தட்டைச் சேர்ப்போம். சின்னப் பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கென்று விதியைக் கொஞ்சம் தளர்த்துவோம். சண்டை வந்தால் நாங்களே தீர்ப்போம்.

எட்டு வயதில் நாங்கள் இடத்தை அளந்தோம், பிரித்தோம், விதி எழுதினோம். இப்போது முன்பள்ளிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் விளையாட்டிடம் அமைத்துக் கொடுப்பதே என் வேலையாகிவிட்டது. இதை எங்கே படித்தீர்கள் என்று சிலர் கேட்பார்கள். பயிற்சி வகுப்புகளுக்கும் போயிருக்கிறேன். ஆனால் முதலில் படித்தது அந்த முற்றத்தில்தான்.

நான்கு சுவர்களுக்குள்

போர்க்கால இடப்பெயர்வில் அந்த முற்றத்தை விட்டு வெளிக்கிட்டோம். பல இடம் மாறிக் கடைசியில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தோம். ஒரு அறை, அதற்குள்ளேயே சமையல். என் மூத்த பிள்ளை தவழ்ந்ததும் நடந்ததும் அந்த அறைக்குள்தான்.

வெள்ளவத்தையை அறிந்தவர்களுக்குத் தெரியும். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி ஒழுங்கைகள் இறங்கும். ஒழுங்கையின் அந்தத்தில் கடல் தெரியும். ஆனால் கடலுக்கும் வீட்டுக்கும் இடையில் புகையிரதப் பாதை. அதற்கு இப்பால் வாகனங்கள் விரையும் மரைன் டிரைவ். தனி வீடுகள் இருந்த காணிகளில் தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. அவற்றின் கீழ்த்தளம் வாகனம் நிறுத்துவதற்கு. பந்து விளையாடக்கூடாது என்ற அறிவித்தலைப் பல இடங்களில் பார்க்கலாம். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் தோட்டத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். இரண்டு வரிசைகளுக்கு இடையில் உள்ள ஒடுங்கிய பாதையில்தான் உடுப்புக் கழுவுவது, ஆட்டோ நிறுத்துவது, பிள்ளைகள் கிரிக்கெட் அடிப்பது எல்லாம்.

போர்க்காலத்தில் இதனோடு பயமும் சேர்ந்தது. சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு, இரவில் கதவு தட்டும் சத்தம். லொட்ஜ் அறைகளில் மாதக்கணக்காக விசாவுக்குக் காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் கட்டிலின் மேலேயே விளையாடினார்கள். அவர்கள் விளையாடிய விளையாட்டு என்ன தெரியுமா? ஒருவர் அடையாள அட்டை கேட்பார், மற்றவர் பையைத் திறந்து காட்டுவார். பிள்ளைகள் தாம் கண்டதைத்தான் விளையாடுவார்கள்.

காலிமுகத்திடலில் பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்த நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பிலுள்ள பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதைப் பேணும்படி தனக்குப் பின்வருவோரை அந்தக் கல்லில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மனதில் இருந்தவர்கள் அன்றைய வெள்ளைக்காரச் சீமாட்டிகளும் அவர்களுடைய பிள்ளைகளுமாக இருக்கலாம். ஆனாலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நகரத்தில் திறந்த இடம் வேண்டும் என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கல்லில் எழுதிய நகரம் இது. அந்தக் கல்லைப் படித்த நாளிலிருந்து, விளையாட இடம் கேட்பதை நான் சலுகையாக நினைப்பதில்லை.

குண்டு விழுந்த காணிகள்

போருக்குப் பின் விளையாட்டிடத்தைப் பற்றி யோசித்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போரால் அழிந்த ஐரோப்பிய நகரங்களிலும் பெண்கள் இதற்காக உழைத்தார்கள்.

இங்கிலாந்தின் மேஜரி அலன் 1897இல் பிறந்தவர். நாட்டுப்புறத்தில் ஓடியாடி வளர்ந்த அவர் தோட்டக்கலை படித்துப் பூங்காக்களை வடிவமைப்பவரானார். 1939இல் கணவரை இழந்தார். போர்க்காலத்தில் சிறு பிள்ளைகளின் பராமரிப்புக்காக உழைத்தார். 1946இல் டென்மார்க்கின் தலைநகரில் எம்ட்ரப் என்ற இடத்துக்குப் போனபோது வித்தியாசமான ஒரு விளையாட்டிடத்தைக் கண்டார். ஜேர்மன் படைகள் அந்நாட்டைப் பிடித்து வைத்திருந்த 1943ஆம் ஆண்டிலேயே அது திறக்கப்பட்டிருந்தது. அங்கே சறுக்கியும் இல்லை, ஊஞ்சலும் இல்லை. பழைய பலகை, செங்கல், கயிறு, மண், தண்ணீர், சுத்தியல் இவைதான். பிள்ளைகள் தாங்களே வீடு கட்டினார்கள், குழி தோண்டினார்கள். உதவிக்கு ஒரு பெரியவர் இருந்தார்.

அதை வடிவமைத்தவர் சொரன்சன் என்ற பூங்காக் கலைஞர். முன்பு அழகான பூங்காக்கள் பலவற்றை அமைத்தவர். ஆனால் பிள்ளைகள் அந்தப் பூங்காக்களை விட்டுவிட்டு, வீடு கட்டும் இடங்களில் கிடக்கும் கழிவுச் சாமான்களோடு விளையாடப் போவதைக் கண்டு யோசித்தவர்.

மேஜரி அலன் நாடு திரும்பி, குண்டு விழுந்து வெறுமையாகக் கிடக்கும் காணிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று படங்களுடன் ஒரு வார இதழில் எழுதினார். 1948இல் லண்டனின் கம்பவெல் பகுதியில், குண்டுவீச்சில் அழிந்த ஒரு காணியில் இப்படியான விளையாட்டிடம் தொடங்கியது. பின்னாளில் அங்கவீனமுற்ற பிள்ளைகளுக்கும் இதேபோன்ற இடங்களை உருவாக்க அவர் பாடுபட்டார்.

அதே காலத்தில் நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரில் ஜக்கோபா மூல்டர் என்ற பெண் கட்டடக்கலைஞர் மாநகர சபையில் வேலை செய்தார். தன் வீட்டுக்கு அருகே ஒரு சிறுமி மரத்தடி மண்ணைப் பழைய தகரப் பேணியால் தோண்டி விளையாடுவதைக் கண்டார். அந்தக் காட்சியிலிருந்து பிறந்த யோசனையை இளம் கட்டடக்கலைஞர் அல்டோ வன் ஐக் வரைந்து கொடுக்க, 1947இல் முதலாவது இடம் அமைந்தது. ஒரு மணற்பெட்டி, பாய்ந்து தாண்டுவதற்குச் சில கற்கள், தொங்குவதற்கு இரும்புக் கம்பிகள். அவ்வளவுதான். அதைக் கண்ட மற்றத் தெருக்காரர், எங்கள் தெருவிலும் ஒன்று அமைத்துத் தாருங்கள் என்று சபைக்குக் கடிதம் எழுதினார்கள். 1978 வரை அந்த நகரில் 700க்கும் மேற்பட்ட இடங்கள் அமைந்தன. அவற்றில் பல, போரில் வீடுகள் அழிந்துபோன வெற்றுக்காணிகள்.

எங்கள் நாட்டிலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1996இல், கிழக்கில் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபைத் துறவியான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அதை முன்னின்று நடத்தினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் சேர்ந்து வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள், மரஞ்செடிகளுக்கு நடுவே விளையாடினார்கள். பெற்றோர் ஒருவர் ஊருக்கு மற்றவர் போகப் பயந்த காலத்தில் பிள்ளைகள் ஒரே மண்ணில் கை வைத்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மணற்பெட்டி

2010இல் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்து முன்பள்ளியில் சேர்ந்தேன். வகுப்பறைக்குப் பின்னால் இருபதடி நீளமும் பன்னிரண்டடி அகலமுமான சீமெந்து நிலம் இருந்தது. உடைந்த கதிரைகளும் தண்ணீர்த் தாங்கியும் அங்கே கிடந்தன. தாய்மார் எட்டுப் பேர் ஒரு சனிக்கிழமை வந்து அதைத் துப்புரவாக்கினார்கள். கல் வரம்பு கட்டி, ஆற்று மணல் கொட்டி மூலையில் ஒரு மணற்பெட்டி அமைத்தோம்.

அப்போது வன்னியிலிருந்து வைத்தியத்துக்காக வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு தாய், தன் ஐந்து வயது மகளை எங்களிடம் சேர்த்தார். கணவர் 2009இல் இல்லாமற் போய்விட்டார். பிள்ளையின் கையை அவர் விடமாட்டார். "மண்ணுக்கை விடாதேங்கோ ரீச்சர், சளி பிடிச்சிடும்" என்பார். சளி அல்ல அவருடைய பயம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வாசலில் ஒரு வாங்கு போட்டுக் கொடுத்தோம். நீங்களும் இருந்து பாருங்கோ என்றோம்.

அந்தப் பிள்ளை மூன்று நாள் மணலைத் தொடவில்லை. நான்காம் நாள் தோண்டத் தொடங்கினாள். தினமும் அதே இடத்தில் குழி. துணிப்பொம்மைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைப்பாள். மேலே பலகைத் துண்டை மூடி மண் போடுவாள். பங்கர். வாங்கில் இருந்த தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "இதை நிப்பாட்டுங்கோ ரீச்சர்" என்றார். நான் நிறுத்தவில்லை. குழந்தைகள் மனதில் கிடப்பதை வெளியே எடுத்து வைத்துப் பார்ப்பதற்கு விளையாட்டைத் தவிர வேறு மொழி குறைவு. குழிக்குப் பக்கத்தில் சிரட்டைகளும் ஒரு சிறிய வாளித் தண்ணீரும் மட்டும் வைத்துவிட்டு விலகினேன்.

ஆறு ஏழு வாரம் சென்றிருக்கும். ஒரு நாள் பலகையைத் திறந்து பொம்மைகளை வெளியே எடுத்தாள். குழிக்கு மேலே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். சிரட்டையில் சோறு ஆக்கி முதலில் பொம்மைகளுக்கும் பிறகு தாய்க்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். தாய் அந்த மண்சோற்றைச் சாப்பிடுவதுபோல நடித்தார். அதற்குப் பிறகும் அவள் சில நாட்களில் பங்கர் தோண்டியதுண்டு. ஒரு மணற்பெட்டி எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று சொல்லமாட்டேன். உளவளத்துணை தேவைப்படும் பிள்ளைகளுக்கு அதைப் பெற்றுக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அன்று மணல் தேவைப்பட்டது, தாய்க்கு அதைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு ஒரு வாங்கு தேவைப்பட்டது.

அதே தாய்தான் பிறகொரு நாள் சோக்குக் கட்டியை வாங்கிச் சீமெந்தில் கிளித்தட்டு வரைந்தார். மற்றத் தாய்மாரையும் இழுத்து நிறுத்தினார். சேலையைச் செருகிக்கொண்டு நாங்கள் எல்லோரும் ஓடினோம். அம்மாமார் ஓடுவதைக் கண்டு பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். "இருபது வருசத்துக்குப் பிறகு ஓடுறன், ஆரும் கலைக்காமல்" என்றார் ஒருவர்.

மண், கயிறு, ரயர்

இப்படி ஓர் இடம் அமைக்கப் பெரிய பணம் வேண்டும் என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் கட்டடக்கலை மாணவியாக இருந்த பூஜா ராய், ஓர் அநாதை இல்லத்தில் பிள்ளைகள் உடைந்த குழாயோடும் பழைய செருப்புகளோடும் விளையாடுவதைக் கண்டு, கழித்த ரயர்களால் விளையாட்டிடம் அமைக்கத் தொடங்கினார். பெங்களூரில் அவர் உருவாக்கிய ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் என்ற அமைப்பு இந்தியா முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களை அமைத்திருக்கிறது.

நாங்களும் ரயர்களைப் பயன்படுத்துகிறோம். ஆனால் கொழும்பில் ரயர் என்றால் முதலில் டெங்கு நினைவுக்கு வர வேண்டும். 2017இல் மட்டும் இந்நாட்டில் 1,80,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. எனவே ஒவ்வொரு ரயரிலும் அடிப்பக்கத்தில் பல துளைகள் இட வேண்டும், அல்லது உள்ளே முழுவதும் மண் நிரப்ப வேண்டும். கம்பி வெளியே தெரியும் ரயரை எடுக்கக்கூடாது. மற்றவற்றையும் சொல்கிறேன்.

ஊஞ்சலுக்கும் ஏறும் இடத்துக்கும் கீழே சீமெந்து இருக்கக்கூடாது. ஓர் அடி ஆழத்துக்கு மணல் இருந்தால் விழுந்தாலும் பெரிய காயம் வரும் வாய்ப்புக் குறையும். இரவில் மணற்பெட்டியை மூடிவிடுங்கள், பூனை அசுத்தம் செய்யாது. தகரச் சறுக்கி வெயிலில் சுடும், அதனால் நிழல் இருக்கும் பக்கமாக வையுங்கள். மரம் இல்லையென்றால் பழைய சேலை ஒன்றைப் பந்தலாகக் கட்டலாம். கயிற்றை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பெயின்ற் வாங்கும்போது ஈயம் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். தாய்மார் இருக்கும் வாங்கிலிருந்து எல்லா மூலையும் தெரிய வேண்டும். ஆனால் பிள்ளை ஒளித்திருக்கவும் ஒரு சின்ன இடம் வேண்டும். ஒளிப்பதற்கு இடமில்லாத விளையாட்டிடம் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை.

பெண் பிள்ளைகள் எங்கே?

எங்கள் ஊரில் பெரியபிள்ளை ஆனதும் விளையாட்டு நின்றுவிடும். தம்பிமார் வெளியே கத்தும் சத்தத்தை வீட்டுக்குள்ளிருந்து கேட்டவர்கள் நாங்கள். இது எங்கள் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் 1990களில் ஆராய்ந்து பார்த்தபோது, சுமார் பத்து வயதுக்குப் பிறகு பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைந்திருந்தது. ஆண் பிள்ளைகள் பந்தோடு முழு இடத்தையும் பிடித்துக்கொண்டார்கள். 1999இல் அங்கே இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். பெரிய மைதானத்தைச் சிறு சிறு பகுதிகளாக்கி, கூடியிருந்து பேசவும் வேறு விளையாட்டுகள் விளையாடவும் இடம் வைத்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

எங்கள் சின்ன இடத்திலும் இதைச் செய்யலாம். ஒரு மூலை கொக்கானுக்கு, ஒரு மூலை எட்டுக்கோட்டுக்கு, கிழமையில் இரண்டு மாலைகள் பெரிய பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். தாய்மார் யாராவது உடன் இருந்தால் வீட்டாரும் மறுக்கமாட்டார்கள்.

தூக்கிச் செல்லும் முற்றம்

வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் வெற்றுக்காணி ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. பதினான்கு மாதம் அங்கே மாலைதோறும் நாற்பது பிள்ளைகள் விளையாடினார்கள். பிறகு உரிமையாளர் காணியை விற்றார். இரண்டு நாள் தவணையில் எல்லாவற்றையும் அகற்றச் சொன்னார்கள். வேறிடம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை போனோம். "விளையாட்டுக்கா?" என்று கேட்டுச் சிரித்தார் அங்கிருந்தவர். காணியில் இப்போது தொடர்மாடி நிற்கிறது.

பிள்ளைகள் அழுதார்கள். ஆனால் வீட்டை ஒரே பையில் கட்டிக்கொண்டு நடந்து பழகியவர்கள் அல்லவா நாங்கள்? ரயர்களை உருட்டிச் சென்றோம். கயிறு, பாய், சிரட்டை, சோக்கு, கொக்கான் கற்கள், பலகைத் துண்டுகள் எல்லாம் இரண்டு பெரிய பைகளுக்குள் அடங்கின. இப்போது சனிக்கிழமைகளில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்பக்கம், மறு கிழமை ஒரு பாடசாலை முற்றம் என்று அந்தப் பைகள் போய்வருகின்றன. பை திறக்கும் இடமெல்லாம் முற்றம்தான். ஆனாலும் பைகளோடு திருப்திப்பட்டு நிற்கக்கூடாது என்பது என் கருத்து. நிலையான இடம் பிள்ளைகளின் உரிமை. 1989இல் நிறைவேறிய ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று சொல்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது.

ஆகவே சகோதரிகளே, அம்ஸ்டர்டாம் பெற்றோரைப்போல நாங்களும் கடிதம் எழுதுவோம். ஐந்து பத்துத் தாய்மார் சேருங்கள். உங்கள் ஒழுங்கையில், தோட்டத்தில் சும்மா கிடக்கும் இடம் எது என்று பாருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை அடி நிலம், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதி மாநகர சபை உறுப்பினரிடமும் கோயில், பள்ளிவாசல், தேவாலய நிருவாகத்திடமும் கையளியுங்கள். பிரதியை வைத்திருங்கள், மீண்டும் போய்க் கேளுங்கள். பதில் வரும்வரை ஒரு சோக்குக் கட்டியை எடுத்து, நீங்கள் சின்ன வயதில் விளையாடியதைப் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டுங்கள். கோடு எங்கே வர வேண்டும் என்று உங்கள் கால்களுக்குத் தெரியும்.